பேப்பரைத் திட்டுவதை எப்படி ரசிப்பது?

எங்கள் தெருமுனை டீக்கடையில் காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு தினசரி நாலு தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். சினிமாச் செய்தி பார்ப்பவர் பேசமாட்டார். விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர் முனகுவதோடு சரி. மாவட்டச் செய்திப் பக்கம் யாருக்குக் கிடைத்ததோ அவர்தான் வாயைத் திறப்பார். "என்னத்த எழுதுறானுங்களோ!" அங்கே தொடங்கும் கச்சேரி இரண்டாவது டீ வரை போகும்.

கேட்டுக் கேட்டு எனக்கு இதில் ஒரு ருசி வந்துவிட்டது. பத்திரிகையைத் திட்டுவதிலும் சுருதி சேர்வது, சேராதது உண்டு. "எல்லாம் காசு வாங்கிட்டு எழுதுறான்" என்பது சுருதி சேராத ரகம். உண்மையாகவே இருந்தாலும் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அதே கடையில் ஒருநாள் ஓய்வுபெற்ற தபால்காரர் சொன்னார்: "விபத்து நடந்தது சாயந்தரம் நாலரைக்கு. இதுல மதியம்னு போட்டிருக்கான். நாலரைன்னு போட்டாத்தானே பள்ளிக்கூடம் விடுற நேரத்துல மணல் லாரி ஊருக்குள்ள வந்துச்சுங்கறது தெரியும்?" நேரம் ஒன்றைத் தப்பாகப் போட்டதில் செய்தியின் உயிரே போயிருந்தது. கடையில் இருந்த எங்களில் வேறு யாருக்கும் அது படவில்லை. இதுதான் நான் சொல்லும் ருசி.

இது ஒன்றும் வெட்டிப் பேச்சுக்காரர்களின் பொழுதுபோக்கு இல்லை. 1878-இல் டி. முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதின. அந்த எழுத்தைத் தாங்க முடியாத ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, செப்டம்பர் 20-ஆம் தேதி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 'தி இந்து' பிறந்தது இப்படித்தான், இன்னொரு பத்திரிகை மேல் வந்த கோபத்தில். அந்த அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் 'சுதேசமித்திர'னையும் தொடங்கினார்.

நாம் பத்திரிகை தொடங்க வேண்டாம். திட்டுவதற்கு முன் யாரைத் திட்டுகிறோம் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். தாலுகா நிருபர் பெரும்பாலும் முழுச் சம்பளக்காரர் அல்ல. காலையில் காவல் நிலையம், மதியம் தாசில்தார் அலுவலகம் என்று அலைவார். ஆண்டு மலருக்கு விளம்பரம் பிடிக்கும் வேலையும் பல இடங்களில் அவர் தலையில்தான். அவர் அனுப்பியதை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் திருத்தித் தலைப்பு வைக்கிறார். இடம் போதாவிட்டால் கடைசிப் பாராவுக்குக் கத்தி விழும். எதிர்த்தரப்பின் மறுப்பு பல சமயம் அந்தக் கடைசிப் பாராவில்தான் இருக்கும். என் உறவினரின் கடை தீப்பிடித்தபோது ஒரு பேப்பர் 'நாசவேலையா?' என்று நாலு காலத் தலைப்புப் போட்டது. உள்ளே மூன்றே வரி, மின்கசிவு என்று தெளிவாகவே இருந்தது. அவர் நிருபரைத் தேடி அடிக்கப் போனார். பாவம், அந்த மூன்று வரியைச் சரியாக எழுதியவர் நிருபர்தான்! தலைப்புக்குக் கணக்குக் கேட்க வேண்டியது பேப்பரின் அடியில் பொடி எழுத்தில் பெயர் போட்டிருக்கும் ஆசிரியரிடம்.

அடுத்து, பெயர்களைப் பாருங்கள். என்னைக் கேட்டால் உள்ளூர்ப் பக்கத்தில் ரசிக்க இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. பெட்டிக்கடையில் குட்கா பிடிபட்டால் கடைக்காரரின் பெயர், வயது, தந்தை பெயர், தெரு எல்லாம் வரும். பெரிய ஆஸ்பத்திரியில் தப்பான சிகிச்சை என்று உறவினர்கள் மறியல் செய்தால் அது 'தனியார் மருத்துவமனை' ஆகிவிடும். ஜவுளிக்கடை என்றால் 'பிரபல ஜவுளிக்கடை'. அவ்வளவு பிரபலம் என்றால் பெயரைச் சொன்னால் என்ன? அதே தாளைத் திருப்பிப் பார்த்தால் முழுப்பக்க விளம்பரத்தில் சில சமயம் பதில் கிடைக்கும். சில சமயம் கிடைக்காது. வழக்குக்குப் பயந்தும் பெயரை விடுவார்கள், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெயரை மறைத்தே தீர வேண்டிய இடத்தில் நடப்பது வேறு கதை. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையை அடையாளம் காட்டக்கூடாது என்கிறது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். பெயரை விட்டுவிட்டு ஊர், வகுப்பு, அப்பாவின் தொழில் என்று எழுதிவிட்டால் மறைத்தது எதை? இதை ஒரு பேப்பரில் பார்த்தால் ரசிக்க வேண்டாம், அன்றைக்கே கடிதம் எழுதுங்கள்.

பிறகு வினைச்சொற்கள். 'விசாரணையில் தெரியவந்தது', 'கூறப்படுகிறது', 'பரபரப்பு ஏற்பட்டது.' கூறியது யார்? பரபரத்தது யார்? முதல் தகவல் அறிக்கை என்பது புகார்தாரர் சொன்னது. அது நிரூபணமான உண்மை இல்லை. நிருபர் கூடவே நின்று பார்த்ததுபோல அதைக் கதையாக எழுதியிருந்தால், கைதானவர் தரப்பில் ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. 'கள்ளக்காதல்' மாதிரிச் சொற்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், விடுங்கள்.

இனி அச்சில் வராததைப் படிக்க வேண்டும். இதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் காலிக் குடத்தோடு வந்த பெண்கள், பட்டா கேட்டு வந்த முதியவர், மனு வாங்கும் கலெக்டர் எல்லாம் படத்தோடு வருவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு குடங்கள், வேறு முதியவர். போன வாரத்து மனு என்ன ஆயிற்று? அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா? அது செய்தியாவது அபூர்வம். பேப்பரில் ஆரம்பங்கள் நிறைய இருக்கின்றன, முடிவுகள்தான் கிடைப்பதில்லை. உள்ளூர்ப் பத்திரிகை மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான். பொய் எழுதுவதைவிட இதுவே மோசம் என்றுகூடச் சொல்வேன். பொய்யையாவது மறுக்க முடியும்.

புகாரைக் கடையோடு விடாமல் எழுதிப் போடுவதானால் சுருக்கமாக எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்தப் பக்கம், என்ன தப்பு, எது சரி. பட்டங்கள் வேண்டாம். 'தி இந்து' 2006-இல் இதற்கென்றே வாசகர்களுக்கான ஆசிரியர் ஒருவரை நியமித்துத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. மற்ற பேப்பர்களில் ஆசிரியருக்குத்தான் எழுத வேண்டும். அவர் அசையாவிட்டால் இந்தியப் பத்திரிகை கவுன்சில் இருக்கிறது. தினசரி மீதான புகார் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதியிருக்கவும் வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட அதற்கு அதிகாரம் இல்லை.

தபால்காரர் இப்போதும் வருகிறார். மஞ்சள் பையில் பழைய மாவட்டப் பக்கங்களை மடித்து வைத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமைப் பேப்பர்கள்தான் அதிகம். உங்கள் வீட்டிலும் போன மாதத்துச் செவ்வாய்க்கிழமைப் பேப்பர் இருந்தால் இப்போதே எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.