இருநூற்றொன்றில் ஸ்கூட்

ரம்மியில் 101 ஆடுகிறவர்களோடு, அதாவது 101 புள்ளி ஏறினால் ஆள் வெளியே என்று ஆடுகிறவர்களோடு, எனக்குச் சண்டை இல்லை. சீக்கிரம் முடியும், விறுவிறுப்பும் உண்டு. ஆனால் கை சேராமல் வாங்கும் ஒரு ஃபுல் கவுண்ட் 80, ஆடாமல் கவிழ்த்து வைக்கும் ஒரு ஸ்கூட் 20, அவ்வளவுதான், கழுத்துவரை தண்ணீர் வந்துவிடும். நல்ல ஆட்டக்காரன் யார் என்று தெரிவதற்குள் ஆட்டமே முடிந்துபோகும். 201-இல் இரண்டு ஃபுல் வாங்கியவன்கூட 160-இல் உட்கார்ந்து நிதானமாக யோசிக்கலாம். லாஸ் வேகாஸில் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட்டில் ஆளுக்கு 60,000 சிப்ஸ் கொடுத்து, ஒவ்வொரு பிளைண்ட் லெவலையும் 2 மணி நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். தப்புச் செய்யவும், செய்த தப்பைச் சரிக்கட்டவும் அங்கே இடம் இருக்கிறது. நமக்கு அந்த இடத்தைத் தருவது 201.

201-இல் ஸ்கூட்டுக்கு 25 என்றால் எட்டு ஸ்கூட் 200. எட்டுக் கையைக் கவிழ்த்து வைத்த பிறகும் ஒருவன் ஆட்டத்தில் இருக்கிறான். இந்தக் கணக்கை எங்கள் பாடி மாமா அளவுக்கு அனுபவித்தவரை நான் பார்த்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். பூந்தமல்லிப் பக்கம் உறவில் கல்யாணம் என்றால் முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரிப்பது அவர்தான். காசு கிடையாது. தோற்றவர்கள் காலையில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மாமா சீட்டை அடுக்க மாட்டார். பதின்மூன்றும் வந்த வரிசையிலேயே கையில் இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து உருவிப் போடுகிறார் என்று பார்த்து அவர் கையைப் படிக்க ஒருத்தராலும் முடியாது.

அவர் மனதில் மூன்று கோடு இருந்தது. 120 தாண்டினால் ஒரு ஃபுல் ஆளை முடித்துவிடும். 150 தாண்டினால் 50 கொடுத்து, ஆட்டத்தின் நடுவில் கையை விடும் மிடில் ஸ்கூட் போக முடியாது. 175 தாண்டினால் ஸ்கூட்டே கிடையாது, வந்த கையை ஆடித்தான் ஆக வேண்டும். தன் எண்ணை எல்லோரும்தான் பார்ப்பார்கள். மாமா எதிராளி எந்தக் கோட்டைத் தாண்டினார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ராத்திரி முதல் ஆறு கையில் நாலு ஸ்கூட் விட்டார். "என்ன மாமா, மறுபடியுமா?" என்றேன். "சீட்டு வரல மாப்ளே, விடு." அவர் 100-இல் இருந்தபோது ஆவடிச் சித்தப்பா எல்லாக் கையையும் விடாமல் ஆடி 178-க்கு வந்திருந்தார். அடுத்த கையில் சித்தப்பா கீழே கிடந்த ஆட்டின் (ஹார்ட்) எட்டை எடுத்தார். மாமாவிடம் ஆட்டின் ஒன்பது ஒன்று இருந்தது, உதவாத சீட்டு. அதை விடவே இல்லை. சேர வேண்டிய கிளாவர் ஜோடியை உடைத்துப் போட்டார். கடைசியில் டிக் அடித்து ஆட்டத்தை முடித்தது வேறொருவர். மாமாவுக்கு 24. ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் வரிசை சேராத சித்தப்பாவுக்கு ஃபுல்.

அந்த ஒன்பதை ஏன் விடவில்லை என்று டீ குடிக்கும்போது கேட்டேன். ஆட்டின் ஆறு இரண்டும் முன்பே கீழே போய்விட்டன, ஒன்பதிலும் ஒன்று போய்விட்டது என்றார். எட்டுச் செட்டுக்கு எடுத்திருக்கலாமே என்றேன். "இஸ்பேட் எட்டை அவரேதானே போட்டாரு." தான் ஜெயிக்காத ஒரு கையை இப்படி ஆடியதுதான் நான் பார்த்ததிலேயே உயர்ந்த ரம்மி.

மூணு சீட்டுப் பிரியர்கள் இதைப் பொறுமைசாலிகளின் ஆட்டம் என்பார்கள். 1967-இல் செகந்திராபாத்திலிருந்த ஒரு கிளப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹிதாயத்துல்லா சொன்னதை அவர்களுக்கு நினைவுபடுத்துவேன். விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும், மூணு சீட்டு அப்படியல்ல என்று அவர் தெளிவாகவே எழுதினார். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றே சொன்னது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு வைத்த ஆன்லைன் ஆட்டத்தை மொத்தமாக நிறுத்தியபோது நான் வருத்தப்படவில்லை. குடும்பங்கள் அழிந்ததைப் பேப்பரில் படித்தவன்தானே நானும்.

என் வருத்தம் வேறு. ஃபோனில் ஒரு பட்டனைத் தட்டினால் சீட்டு தானே அடுக்கிக்கொள்கிறது. எது எது விழுந்தது என்றும் அதுவே காட்டுகிறது. யோசிக்கவும் அதிக நேரம் தருவதில்லை. அதில் பழகிய பையன்கள் நேரில் உட்கார்ந்தால் மூன்றாவது சுற்றில் போட்ட சீட்டை ஐந்தாவது சுற்றில் மறந்துவிடுகிறார்கள். மோசமான கை என்று தெரிந்தும் ஸ்கூட் விடக் கூச்சப்படுகிறார்கள். மண்டபங்களிலும் ரிசப்ஷன் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

போன பொங்கலுக்குப் பாடி வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். சாயங்காலம் மாமா 175-இல் இருந்தார். சீட்டைப் போட்டேன். பதின்மூன்றையும் எடுத்து, அடுக்காமல், இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். கவிழ்த்து வைத்துவிட்டு, நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"இருநூறு. எழுதிக்கோ."