காட்டும் துணியும் மறையும் துணியும்: அரசியர் உருவங்களும் பின்னலாடை வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

அரசியரின் ஓவியங்களும் சிற்பங்களும் ஆடை வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அவை காட்டுவது அணிந்த ஆடையை அன்று, அதிகாரம் காட்ட விரும்பிய ஆடையையே என்பதை இக்கட்டுரை டியூடர் கால ஓவியங்கள், தமிழகச் செப்புத் திருமேனி ஆகியவற்றை ஒப்பிட்டு நிறுவுகிறது. பின்னலாடை இவ்வரலாற்றில் இடம்பெறாமைக்கான காரணமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: டியூடர் ஓவியம், முதலாம் எலிசபெத், செம்பியன் மாதேவி, பின்னலாடை, திருப்பூர்.

ஓவியத்தில் துணி

முதலாம் எலிசபெத் (ஆட்சி 1558–1603) முதுமையில் இருந்தபோது வரையப்பட்டது ‘வானவில் ஓவியம்’. அதில் அரசியின் முகம் இளமையாகவே உள்ளது; மேலாடையிலோ கண்களும் காதுகளும் தீட்டப்பட்டுள்ளன. அனைத்தையும் காணும், கேட்கும் ஆட்சி என்னும் பொருளை ஆடையே சுமக்கிறது. ஹார்ட்விக் மாளிகை ஓவியத்தில் பாவாடை முழுவதும் கடலுயிர்களும் பறவைகளும் பூக்களும் நிறைந்துள்ளன. யார் எத்துணியை அணியலாம் என்பதை 1574ஆம் ஆண்டின் அரச ஆணை வரையறுத்த காலம் அது. எனவே ஓவியத்துத் துணி அழகு மட்டுமன்று. அது சட்டத்தின் உச்சியில் நிற்பவரின் அடையாளம். உடல் துணிக்குள் மறைய, துணியே அரசியாகிறது.

செப்பில் துணி

வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனி, செம்பியன் மாதேவியின் உருவம் எனப் பலரால் கருதப்படுகிறது. இங்கு நிலை தலைகீழாகிறது. மேலுடல் திறந்துள்ளது, இடையாடை உடலோடு ஒட்டி, கரைக்கோடுகளால் மட்டுமே புலப்படுகிறது. துணி உடலுக்குள் மறைகிறது. இதைக் கொண்டு சோழ அரசி இவ்வாறே உடுத்தினார் என முடிவு செய்வது, எலிசபெத் நாள்தோறும் கண்களும் காதுகளும் தீட்டிய ஆடையை அணிந்தார் என்பதற்கு ஒப்பாகும். முன்னது தெய்வ வடிவத்தின் இலக்கணத்துக்கும், பின்னது அரச விளம்பரத்தின் இலக்கணத்துக்கும் உட்பட்டவை.

காட்சிக்கு வராத பின்னல்

எலிசபெத்துக்குப் பின்னப்பட்ட பட்டுக் காலுறைகள் அளிக்கப்பட்டதாகவும், அதன்பின் அவர் துணிக் காலுறைகளை விரும்பவில்லை என்றும் பழைய குறிப்பு ஒன்று உண்டு. பாவும் ஊடுமாக நெய்த துணியை வெட்டித் தைத்த காலுறை காலோடு இணங்குவது அரிது. வளையத்துக்குள் வளையமாகக் கோத்த பின்னலோ நீண்டு சுருங்கும். ஆயினும் அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களில் தரைதொடும் பாவாடைக்குக் கீழ் அந்தக் காலுறைக்கு இடமில்லை.

1589இல் வில்லியம் லீ காலுறைப் பின்னல் பொறியை உருவாக்கினார். கைப்பின்னல் செய்வோர் பிழைப்பிழப்பர் எனக் கூறி அரசி உரிமம் மறுத்ததாக மரபுச் செய்தி வழங்குகிறது. அதன் உண்மை எவ்வாறாயினும், பின்னல் என்பது அன்றே பலருடைய வாழ்வாதாரமாகக் கருதப்பட்டது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது. அரசியின் முத்துகளைத் தனித்தனியே எண்ணும்படி தீட்டிய ஓவியம், இக்கைகளுக்கு ஒரு தடயமும் விட்டுவைக்கவில்லை.

இவ்விடத்தில்தான் திருப்பூரின் நிலை கருத்தில் கொள்ளத்தக்கது. அந்நகரின் தொழில் பனியன் என்னும் உள்ளாடையில் தொடங்கி வளர்ந்தது. மேலாடையை அளவுகோலாகக் கொண்ட ஆடை வரலாற்றில் பனியனுக்கு மூதாதை கிடையாது. நிட்டிங் எந்திரத்திலும் பவர் டேபிளிலும் உழைப்போரின் தொழில் வரலாறற்றதாகத் தோன்றுவது, சான்றுகளைத் தேர்ந்த முறையின் விளைவேயன்றி உண்மையின் விளைவு அன்று.

முடிவுரை

அரசியர் உருவங்களை ஆடைக் களஞ்சியமாக அல்லாமல், காட்சிக்குரியது எது என வகுத்த ஆவணங்களாக வாசிப்பதே பொருத்தமானது. அவற்றோடு எஞ்சிய துணியையும் வைத்துப் பார்த்தல் வேண்டும். எலிசபெத்தின் ஆடையிலிருந்து வந்ததாகக் கருதப்படும் பேக்டன் தேவாலயப் பலிபீடத் துணி அத்தகைய சான்று. அதில் வெட்டும் ஒட்டும் தையலும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஓவியம் மறைத்த கைகள் அங்கு வெளிப்படுகின்றன. பின்னலாடை நகரம் ஒன்றின் ஆடை வரலாற்றுக் கல்வி தொடங்க வேண்டிய இடமும் அதுவே.