மலிவு யாருக்கு?

ஒரு சஞ்சிகையை மதிப்பிடப் புகுவோன், அது யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதோடு யாரைப் பற்றிப் பேசாது விடுகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அமெரிக்க வாசகரை நோக்கி 1979ஆம் ஆண்டு முதல் சந்தாவுக்கு வெளிவரும் ‘இன்ரர்நாஷனல் லிவிங்’ இத்தகைய ஆய்வுக்குரியது. பிற நாடுகளிற் குடியேறுதல், வீடு வாங்குதல், சேமிப்பை முதலீடு செய்தல் என்பனவே அதன் பொருள்.

அதனாற் பயனே இல்லை என்பது நேர்மையாகாது. மாதம் 1000 டொலர் வாழ்நாள் ஓய்வூதியம் பெறும் அந்நியருக்குப் பனாமா வதிவுரிமை வழங்குவது போன்ற விவரங்களை அது தொகுத்துத் தருகின்றது. அதன் வாசகர் யாவரும் கோடீசுவரரும் அல்லர். தம் நாட்டு மருத்துவச் செலவுக்கு அஞ்சும் முதியோர் அவர்களுட் பலர். அவ்வச்சம் நியாயமானதே.

ஆயின், முதலீட்டு யோசனைகளை அவர்கள் ஐயத்தோடு நோக்குதல் நன்று. தனியொருவரின் நிலைமையை அறியாது பொதுவாக ஆலோசனை கூறும் உண்மையான மடல்கள், முதலீட்டு ஆலோசகராகப் பதிவுசெய்ய வேண்டியதில்லை என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது.

இதனினும் பெரிய குறை அதன் நோக்கிலேயே உளது. ஓய்வுபெற்றோர்க்கு உகந்த நாடுகளின் 2015ஆம் ஆண்டுத் தரவரிசையில் அது எக்குவடோரை முதலிடத்தில் வைத்தது. அந்நாட்டின் குவென்கா நகரையும் விதந்து போற்றியது. குறைந்த வாடகையும், வீட்டு வேலையாளின் குறைந்த கூலியும், டொலரே நாணயமாயிருத்தலும் இத்தகைய எழுத்திற் கவர்ச்சிகளாகின்றன.

அந்த டொலர் எவ்வாறு வந்தது? 1999 மார்ச்சில் எக்குவடோர் அரசு வங்கி வைப்புக்களை முடக்கியது. 2000ஆம் ஆண்டில், ஒரு டொலருக்கு 25,000 சுக்ரே என்ற வீதத்திற் சொந்த நாணயத்தையே கைவிட்டது. உழைப்பாளரின் சேமிப்புக் கரைந்தது. இலட்சக்கணக்கானோர் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். குவென்காவைச் சூழ்ந்த கிராமத்தவர் பலர் வட்டிக்குக் கடன்பட்டு, அனுமதிப் பத்திரமின்றி நியூயோர்க் நோக்கிப் பயணமாயினர். அவர்கள் விட்டுச் சென்ற மண்ணே ஓய்வூதியருக்குச் சொர்க்கமாகக் காட்டப்படுகின்றது.

மலிவு என்பது இயற்கை அளித்த வரமன்று. அது ஒருவருடைய குறைந்த கூலி. ஒரு நாட்டின் விலைப்பட்டியலைத் தரும் எழுத்து, அவ்விலையை உழைப்பால் ஈடுசெய்யும் மனிதனையும் காட்டல் வேண்டும். அதனைச் செய்யாதவரை இவ்வெளியீடு பயனுள்ள வழிகாட்டியாகலாம்; உண்மையுள்ள எழுத்தாகாது.