தொட்டி ஆபரேட்டரின் காது

அடுக்கக வளாகத்தில் மெயின்டனன்ஸ்காரர் பார்க்கும் வேலையை, வீரகேரளம்புதூர் போன்ற ஊர்களில் ஊர் முழுவதற்கும் பார்ப்பவர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். பக்கத்திலேயே சிற்றாறு ஓடினாலும், வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது அவர் கையால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் காது. மோட்டார் சுற்றாமல் முனகினால் முதலில் கெபாசிட்டரைப் பார்ப்பார். கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், ஃபுட்வால்வு கசிந்து காற்று புகுந்திருக்கிறது என்பார். கேட்வால்வை ஒரேயடியாகத் திறக்கமாட்டார். திடீர் அழுத்தம் பழைய குழாயின் இணைப்பைப் பிளந்துவிடும். கொஞ்சம் திருகி, நின்று கேட்டு, மறுபடி திருகுவார். என்ன அழகான நிதானம்!

1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலப்பதும், கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பே. அடுத்த கிராம சபையில் அவர் சம்பளத்துக்காக ஒரு வார்த்தை பேசுங்கள்.