குத்தூசியும் முகூர்த்த ஜாக்கெட்டும்

அலங்காரம் ஆதிக்க சாதிக்காரன் சரக்கு, நமக்கு அது வேண்டாம் என்று ஒரு பேச்சு நம் கூட்டங்களில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. கவிதைன்னா கச்சாவா இருக்கணும், மேடைன்னா வெறுந்தரை போதும், பொம்பளைன்னா ஒரு நூல் சேலை போதும். இன்னொரு பக்கம் கைவினை பற்றி எழுதுகிறவர்கள். ஆரி வேலை முகலாய அரண்மனை தந்த ராஜகலை என்று பயிற்சி வகுப்பு நோட்டீசிலிருந்து கல்யாண இதழ்கள் வரை எழுதித் தீர்க்கிறார்கள். எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டு பேச்சும் ஒரே ஆளைத்தான் மறைக்கின்றன.

முதலில் வேலையைப் பார்ப்போம். மில்லர்புரத்தில் எங்க தெருவுல மூணு வீட்டில் மரச்சட்டம் கிடக்கிறது. ஜாக்கெட் துணியை அதில் இழுத்துக் கட்டுகிறார்கள். விரலால் தட்டினா காய்ச்சின பறை மாதிரி விறைப்பா இருக்கணும். டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்திய ஓட்டைகள் வழியாக, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் மாங்காயும் மயிலும் புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். நூல் துணிக்கு அடியில், இடது கையில். மேலே வலது கையில் ஆரி ஊசி. குத்தி, ஒரு திருகு திருகி, கொக்கியில் நூலை மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி. அதற்குள்ளிருந்து அடுத்த கண்ணி. பாசி வைக்கணும்னா ஊசித் தண்டிலேயே நாலஞ்சு பாசியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக நழுவ விட்டுக் கண்ணிக்குள் பூட்டுகிறார்கள். சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், சமிக்கி, குந்தன் கல், முத்து. கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால், ஒரு நூலை இழுத்தா போதும், முழுக் கொடியும் உருவிக்கிட்டு வந்துடும்.

முத்துன்னு சொன்னேன். அது பிளாஸ்டிக்தான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல் முடிந்தது. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இங்கேயே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியது. அதுவும் எங்க தெரு ஜாக்கெட்டுக்கு வந்து சேரவில்லை. கொற்கை முத்தின் பெருமையை மேடையில் பேசுகிறவர்கள், மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியவன் காதும் நுரையீரலும் என்னாச்சு என்று பேசி நான் கேட்டதில்லை.

இப்போது அந்த ஊசிக்கு வருவோம். ஆரி என்றால் வடநாட்டில் குத்தூசி. கட்ச், சௌராஷ்டிரப் பகுதியில் தோல் தைக்கும் மோச்சிகளின் கருவி அது. செருப்பிலும் சேணத்திலும் பூ போட்ட அதே கொக்கி முனையை இன்னும் மெலிசாக்கி அவர்கள் பட்டுக்கு ஏற்றினார்கள். அந்தத் தையலுக்கு இன்றும் 'மோச்சி பரத்' என்றுதான் பெயர். அவர்கள் கைவேலை முகலாய அரசவைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஐரோப்பியப் பிரபுக்களின் கட்டில் திரைகளாகவும் போனது. 1700ஐ ஒட்டி குஜராத்தில் தைக்கப்பட்ட அப்படிப்பட்ட திரைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. ஆக, அரண்மனை வாங்கியது, தைத்தவன் தோல்காரன். வாங்கியவன் பேரைக் கலைக்கு வைப்பதுதான் நம் கைவினை வரலாற்றின் இலக்கணம்.

சந்தேகம் இருந்தால் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், அறுந்த செருப்பைத் தைத்துத் தரும் அருந்ததியர் பெரியவர் கையைப் பாருங்கள். குத்தூசி, கொக்கி முனை, அடியிலிருந்து பிடித்து மேலே இழுக்கும் நூல். செருப்பில் தைத்தால் தீட்டு, முகூர்த்த ஜாக்கெட்டில் தைத்தால் மங்களமா?

அடுத்து நம் தோழர்கள். எளிமை ஒரு விழுமியம்தான், யாரும் நம்மீது அதைத் திணிக்காதபோது. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனர் ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதைப் பதிந்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் போடக் கூடாது. ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறிய இடங்களில் குடிசையைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். ரவிக்கைக்கு ஒரு குடிசை விலை! இந்தப் பட்டியலைப் படித்தவன் நம்ம வீட்டுப் பொம்பளையைப் பார்த்து, பாசி வச்ச ஜாக்கெட் எதுக்குன்னு கேட்க மாட்டான்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 1995 ஆகஸ்ட் 31 அன்று எங்க தூத்துக்குடி மாவட்டத்திலேயே, கொடியங்குளத்தில், தலித் குடியிருப்புக்குள் புகுந்த போலீஸ் எதையெல்லாம் தேடி உடைத்தது? டி.வி.யை, பேனை, தையல் மிஷினை. துணிமணியைக் குவித்துக் கொளுத்தினார்கள், பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டையும் எரித்தார்கள். நம்மிடம் கொஞ்சம் மினுக்கம் இருந்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

அப்படியானால் பாசி கட்டுவதெல்லாம் விடுதலையா என்று கேட்பீர்கள். இல்லை. 1915ல் கொல்லத்தில், அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில், புலையப் பெண்கள் தங்கள் கழுத்திலிருந்த கல்மாலையை அறுத்துக் குவித்தார்கள். சாதி அவர்களுக்கு அனுமதித்த நகை அது. அதுவே சாதிச் சூடு. 1927ல் மகாடில் அம்பேத்கரும் பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கிற காப்பு, மாலைகளைக் கழற்றச் சொன்னார். கூடவே சேலையை மேல்சாதிப் பெண்கள் மாதிரி முழுசாகக் கட்டவும் சொன்னார். கழற்றுவதும் உடுத்துவதும் ஒரே அரசியலின் இரண்டு கை. பாசி நல்லதா கெட்டதா என்று விமர்சகன் கேட்டுக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. யார் கட்டச் சொன்னது, யார் கட்டாதே என்றது என்று பார்க்கணும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: யார் தைத்தது? கடையில் பில் போடும்போது அது டிசைனர் பிளவுஸ். வீட்டில் உட்கார்ந்து தைத்தவளுக்குப் பீஸ் கணக்கு. கல்லு உதிர்ந்தால் அவள் கூலியில் கழிவு. 2023 மார்ச்சில் மும்பை கேட்வே ஆப் இந்தியா முன்னால் டியோர் கம்பெனி நடத்திய ஷோவில் நம் நாட்டுக் கைத்தையலை உலகமே பார்த்தது. வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களுக்கான ஐ.எல்.ஓ. உடன்படிக்கை 177, 1996லேயே வந்துவிட்டது. அதில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை.

எங்க தெருப் பெண்கள் ஒரு ஜாக்கெட்டை மதிப்பிடும் முறை எனக்குப் பிடிக்கும். கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்புகிறார்கள். முடிச்சு எங்கே, நூல் தாவியிருக்கா, பூட்டு சரியா. தையல்காரர் லைனிங் வைத்து மறைக்கும் முன் பார்த்துவிட வேண்டும். நம் இலக்கிய விமர்சனத்தில் இந்த அளவு கறாரை நான் அதிகம் கண்டதில்லை.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா தன் மகள் சடங்குக்குத் தைத்தாங்க. கை முழுக்கப் பாசி, முதுகில் மயில். "இம்புட்டுக் கனம் எதுக்கு அக்கா?" என்றேன். "ஊருக்கெல்லாம் அளந்துதான தச்சேன். எம்புள்ளைக்கு எதுக்கு அளவு?" என்றாங்க. ஜாக்கெட்டில் நிறச் சேர்மானம் பிரமாதம், கொடி ஓட்டமும் நல்லா வந்திருக்கு. மயிலின் கழுத்துதான் கொஞ்சம் கோணல். அதையும் அவங்ககிட்டயே சொன்னேன். நீ ஊசியைப் பிடிச்சுப் பாரு, அப்புறம் பேசுன்னுட்டாங்க.