புள்ளிக்கு மூன்று உயிர்

தாளில் இரண்டு மூன்று புள்ளிகள் வையுங்கள். உங்கள் முறை வரும்போது இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் மேல் புதிதாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். கோடு எப்படியும் வளையலாம், புறப்பட்ட புள்ளிக்கே திரும்பலாம். எந்தக் கோட்டையும் வெட்டக் கூடாது. ஒரு புள்ளியில் மூன்று கோட்டு முனைகளுக்கு மேல் சேரக் கூடாது. கடைசிக் கோட்டைப் போட்டவருக்கு வெற்றி.

‘ஸ்ப்ரவுட்ஸ்’ என்ற இந்த ஆட்டத்தை 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வேயும் மைக்கேல் பேட்டர்சனும் உருவாக்கினார்கள். புதுப்புள்ளி யோசனை பேட்டர்சனுடையது. அதனால் பெருமையில் ஐந்தில் மூன்று பங்கு அவருக்கு, மீதி கான்வேக்கு என்று பிரித்துக்கொண்டார்களாம். நியாயமான பாகப்பிரிவினை, அந்த விதி இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று போயிருக்கும்.

புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் ஆட்டம் எப்போது முடியும்? புள்ளிக்கு மூன்று உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு இரண்டு உயிரைத் தின்கிறது. கோட்டின் நடுவில் பிறக்கும் புள்ளிக்கோ ஒரே உயிர்தான் மிச்சம். ஆக, முறைக்கு ஓர் உயிர் நட்டம். மூன்று புள்ளி என்றால் ஒன்பது உயிர். கடைசியாகப் பிறந்த புள்ளியில் ஒன்று எஞ்சியே தீரும் என்பதால் எட்டுக் கோட்டுக்கு மேல் ஓடாது. ஆட்டத்தை வளர்ப்பதும் முடிப்பதும் ஒரே விதி. விளையாட்டு செய்கிறேன் என்று பக்கம் பக்கமாக விதி எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

பிசகாமல் ஆடினால் இரண்டு புள்ளி ஆட்டத்தில் இரண்டாமவர் ஜெயிப்பார், மூன்றில் முதலாமவர். வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.