கூடமும் வேலியும்

பத்து சென்டிமீட்டர் அகலமே கொண்டு, தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நிற்கும் கட்டையின்மேல் ஒரு சிறுமி பின்புறமாகக் கரணமடித்து, மீண்டும் அதன்மேலேயே காலூன்றி நிற்கிறாள் என்றால், அந்தச் சாமர்த்தியத்தைப் பிறவிக் குணமென்று மட்டும் கொண்டாடுவது அவளை உருவாக்கிய பயிற்சிக் கூடத்துக்கு இழைக்கும் அநீதியாகும். அந்தக் கரணத்தை அவள் முதலில் தரையில் இழுத்த கோட்டின்மேல் பழகியிருப்பாள். பிறகு மெத்தைகள் சூழ்ந்த தாழ்ந்த கட்டையின்மேல். புதியதொரு சுழற்சியைக் கற்கும்போதோ, நுரைப்பஞ்சுத் துண்டுகள் நிரம்பிய பள்ளத்தில் அச்சமின்றி விழுந்து விழுந்து எழுந்திருப்பாள். அபாயத்தை இவ்வாறு படிப்படியாக அளந்து கொடுப்பதே ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் விசேஷம் என்பது என் அபிப்பிராயம்.

ருமேனியாவின் ஒனெஷ்தி என்னும் சிற்றூரில் அரசாங்கப் பயிற்சிப் பள்ளியொன்றில் பேலா கரோலி, மார்த்தா கரோலி தம்பதியரிடம் வளர்ந்த நாடியா கொமனேச்சி, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், தமது 14-ஆம் வயதில், பத்துக்குப் பத்து மதிப்பெண்ணை ஏழுமுறை பெற்றார். 1981-இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த அத்தம்பதியர் டெக்ஸஸ் காட்டுப் பகுதியில் அமைத்த பண்ணை, பின்னர் அந்நாட்டு மகளிர் அணியின் தேசியப் பயிற்சி நிலையமாயிற்று. 2012, 2016 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் அணிக்குரிய தங்கத்தை வென்றவர்கள் அங்கே மாதந்தோறும் கூடிப் பரீட்சிக்கப்பட்டவர்களே.

ஆயினும், பெற்றோர் உடன் தங்க இடமின்றி, ஊரினின்று வெகுதூரம் விலகி, பயிற்சியாளரின் முகக்குறிப்பே சட்டமாக இருந்த அந்த ஏகாந்தத்தில், அணி மருத்துவனான லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் சிறுமியரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினான் என்பதை எந்தப் பதக்கத்தாலும் மறைக்க இயலாது. வலியைச் சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சிய குழந்தை, அதனினும் கொடியதை யாரிடம் சொல்லும்? தாமும் அவ்வாறு பாதிக்கப்பட்டவர் என்று வெளிப்படையாகக் கூறிய அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், அதே இடத்துக்கு மீண்டும் பயிற்சிக்குச் செல்வது நெஞ்சைப் பிளக்கிறது என்று 2018 ஜனவரியில் எழுதிய சில நாட்களில், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் பண்ணையோடு உறவை முறித்துக்கொண்டது.

கடுமையான அப்பியாசத்துக்கு, குழந்தையை வீட்டாரிடமிருந்து பிரிக்கும் அந்த வேலி அவசியம் என்று வாதிப்போருக்குப் பைல்ஸின் வாழ்க்கையே மறுப்பு. பண்ணைக்கு அவர் சென்றது முகாம் நாட்களில்தான். அன்றாடப் பயிற்சியைக் குடும்பத்தாரோடு வாழ்ந்தபடியே உள்ளூர்க் கூடத்தில் பெற்றார். பண்ணை மூடப்பட்ட பின், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி மீண்டும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27.

இருந்தாலும் ஒனெஷ்தியின் ஓர் அம்சத்தை நான் இன்னும் மதிக்கிறேன்: அங்கே அரசாங்கம் ஏற்ற செலவை அமெரிக்காவின் தனியார் கூடங்களில் பெற்றோரே சுமக்கிறார்கள். கதவு திறந்திருந்தும், கட்டணம் கட்ட இயலாத வீட்டுக் குழந்தை அந்த நுரைப்பஞ்சுப் பள்ளத்தின் அருகே வர இயலாமல் நிற்பது, இந்தப் புதிய ஏற்பாட்டில் இன்னும் தீராத குறை.